24 மணி நேரத்தை எண்ணத் தொடங்குவது யார்?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவது பற்றியும் அதன் இடத்தில் வரவேண்டிய சட்டம் பற்றியும் தங்கள் பத்திரிகையில் வெளிவரும் கட்டுரைகளையும் வாசகர் கடிதங்களையும் ஒன்றுவிடாமல் படித்து வருகிறேன். பயங்கரவாதம் என்ற சொல்லுக்கான வரைவிலக்கணம், தடுப்புக் காவலின் கால எல்லை, பிணை வழங்கும் அதிகாரம், பொலிஸாரிடம் அளிக்கப்படும் ஒப்புதல் வாக்குமூலம் ஆகியன பற்றியெல்லாம் சட்டம் கற்றவர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். அவற்றோடு எனக்கு முரண்பாடு இல்லை. ஆனால், படையினருக்குப் பொதுமகனைக் கைது செய்யும் அதிகாரம் வழங்கும் பிரிவைப் பற்றி அவர்களில் பலர் ஓரிரு வரிகள் மட்டும் எழுதிவிட்டு அப்பால் சென்றுவிடுவதைக் காணும்போது மனம் கேட்கவில்லை. வடக்கில் நீதவான் நீதிமன்றங்களில் 30 ஆண்டுகளுக்கு மேல் எழுதுவினைஞராகக் கடமையாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அந்த ஒரு பிரிவைப் பற்றி மட்டும் எழுத அனுமதி வேண்டுகிறேன்.

முதலில் பலரும் கவனிக்கத் தவறும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் எங்கள் இளைஞர்களின் வாழ்வைத் தின்ற சட்டம் என்பதில் ஐயமில்லை. மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் என்று சொல்லிக் கொண்டுவரப்பட்டு, 1982 இல் நிரந்தரமாக்கப்பட்டு, இன்றுவரை எங்களைத் தொடர்ந்து வருவது அது. அமைச்சரின் கையொப்பம் ஒன்றினால் மூன்று மூன்று மாதங்களாக 18 மாதங்கள் வரை ஒருவரை அடைத்து வைக்க அது இடமளித்தது. 2022 ஆம் ஆண்டின் திருத்தம் அதனை 12 மாதங்களாகக் குறைத்தது. அவ்வளவு கொடிய அந்தச் சட்டத்திலும், பிடியாணையின்றிக் கைது செய்யும் அதிகாரத்தை வழங்கும் 6 ஆம் பிரிவு பொலிஸ் உத்தியோகத்தர்களைப் பற்றியே பேசுகிறது. பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாதவர், அல்லது அவரால் எழுத்தில் அதிகாரமளிக்கப்பட்ட உப பரிசோதகர் தரத்துக்குக் குறையாதவர் என்று அங்கே எழுதப்பட்டிருக்கிறது. சோதனைச் சாவடியில் துப்பாக்கியோடு நிற்கும் படைவீரனுக்கு அந்தப் பிரிவு அதிகாரம் எதையும் தரவில்லை.

அப்படியானால் படையினர் எங்களைப் பிடித்தது எந்தச் சட்டத்தின் கீழ் என்று இளைய தலைமுறை கேட்கலாம். 1947 ஆம் ஆண்டின் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஆக்கப்பட்ட அவசரகால விதிகளே அதற்கு வழிவிட்டன. அவசரகாலம் நீடிக்க வேண்டுமாயின் பாராளுமன்றம் மாதந்தோறும் வாக்களிக்க வேண்டியிருந்தது. வாக்களிப்பு வெறும் சடங்காகிப் போனாலும், இது அசாதாரணமான அதிகாரம், என்றோ ஒரு நாள் முடிந்தே ஆகவேண்டும் என்ற ஒப்புதலாவது அதில் இருந்தது. 2011 ஓகஸ்ட் மாதத்தில் அது முடிந்தும் போனது. அதன் பின்னரும் பொது அமைதியைக் காப்பதற்கென்று ஆயுதப் படைகளை அழைக்கும் வர்த்தமானி அறிவித்தல்கள் மாதாமாதம் வெளிவந்ததை நாங்கள் கண்டோம். ஆனால் பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்குப் பதிலாக 2018 இல் வந்த சட்டமூலமும் 2023 இல் வந்த சட்டமூலமும் அதற்கும் அப்பால் சென்றன. அவசரகாலத்தில் மட்டும் இருந்த படையினரின் கைது அதிகாரத்தை எடுத்து, நாட்டின் நிரந்தரச் சட்டத்துக்குள் வைக்க அவை முயன்றன. கொடிய சட்டத்தை நீக்குகிறோம் என்று சொல்லிக்கொண்டே, அந்தச் சட்டத்தில் இல்லாத ஓர் அதிகாரத்தைப் புதிதாகச் சேர்ப்பது எப்படிச் சீர்திருத்தமாகும்? 2024 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் 2023 ஆம் ஆண்டுச் சட்டமூலத்தின் பல பிரிவுகள் பற்றிக் கேள்வி எழுப்பியது. அது நிறைவேறவில்லை. எனினும் அதன் எண்ணம் மடிந்துவிடவில்லை என்பதே எனது அச்சம்.

இந்த அதிகாரத்துக்கு ஆதரவாகப் பேசுபவர்கள் உடனே ஒரு வாசகத்தை எடுத்துக் காட்டுவார்கள். படையினர் கைது செய்தாலும் 24 மணி நேரத்துக்குள் அந்த நபரைப் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்று எழுதியிருக்கிறதே, பிறகு என்ன பயம் என்று அவர்கள் கேட்கிறார்கள். நல்லெண்ணத்தோடு கேட்பவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே நான் கண்ட ஒரு சம்பவத்தை எழுதுகிறேன்.

1998 ஆம் ஆண்டின் தொடக்கம். எங்கள் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி ஓர் இளைஞர் தாயாருடன் வசித்து வந்தார். சங்கக் கடையில் வேலை. வயது இருபத்திரண்டோ இருபத்துமூன்றோ இருக்கும். ஒருநாள் மாலை வேலை முடிந்து சைக்கிளில் வந்தவர் வீடு சேரவில்லை. சந்தியில் இருந்த காவலரணில் அவரை இறக்கி உள்ளே கொண்டுபோனதைப் பாண் வாங்கப் போன ஒருவர் கண்டு வந்து சொன்னார். அன்றிரவு ஊரடங்கு. விடிந்ததும் அந்தத் தாயார் என்னிடம் வந்தார். எனக்கு ஓரளவு சிங்களம் பேசத் தெரியும், அதோடு அரசாங்க அடையாள அட்டையும் இருந்தது என்பதால் என்னைத் துணைக்கு அழைத்தார். நாங்கள் போனபோது அவருடைய சைக்கிள் காவலரணின் மண்மூட்டையில் சாத்தியபடி நின்றது. கரியரில் சங்கக் கடையின் வெற்றுச் சீனிப் பை மடித்துக் கட்டியிருந்தது. தாயார் அந்தப் பையைத்தான் முதலில் அடையாளம் கண்டார். உள்ளேயிருந்த படைவீரர், அப்படி ஒருவரையும் நாங்கள் மறிக்கவில்லை என்றார். சைக்கிளைக் காட்டிக் கேட்டேன். அது யாருடையது என்று தெரியாது என்றார்.

பொலிஸ் நிலையத்துக்குப் போனோம். அங்கிருந்த உத்தியோகத்தர் மரியாதையாகவே நடந்துகொண்டார். தகவல் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்தப் பெயரில் எவரும் எங்களிடம் ஒப்படைக்கப்படவில்லை என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அடுத்த நாளும் போனோம், அதற்கு அடுத்த நாளும் போனோம். மூன்று நாட்களாக அந்தச் சைக்கிள் அதே இடத்தில் நின்றது. நான்காம் நாள் அதுவும் இல்லை. அந்தத் தாயார் அழவில்லை, சத்தமிடவில்லை. சைக்கிள் நின்ற இடத்தில் முன்சில்லு பதிந்த மண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார்.

சில வாரங்களின் பின்னர் அந்த இளைஞர் நான் கடமையாற்றிய நீதிமன்றத்துக்குப் பொலிஸாரால் கொண்டுவரப்பட்டார். அவர் உயிரோடு இருக்கிறார் என்பதை நாங்கள் முதன்முதலில் அறிந்தது அன்றுதான். பொலிஸார் சமர்ப்பித்த அறிக்கையைக் கோப்பில் கட்டியவன் நானே. அதில் கைது செய்யப்பட்ட திகதி என்ற இடத்தில், சைக்கிள் காவலரணில் நின்ற நாளுக்குப் பதினொரு நாட்கள் பிந்திய திகதி இருந்தது. படையினர் கைது செய்த நேரமும் பொலிஸாரிடம் ஒப்படைத்த நேரமும் மிகத் தெளிவாக எழுதப்பட்டிருந்தன. இரண்டுக்கும் இடையில் ஐந்து மணித்தியாலம். அந்தத் தாளை வாசிக்கும் எந்த நீதவானும் சட்டம் ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்டிருக்கிறது என்றே நினைப்பார். அந்த இளைஞரின் வாழ்வில் பதினொரு நாட்கள் எந்த அரசாங்கப் புத்தகத்திலும் இல்லை. அந்த நாட்களில் தனக்கு நேர்ந்ததை அவர் பின்னாளில் என்னிடம் சொன்னார். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை, அது அவருக்குரியது. ஒன்பது மாதங்களின் பின் குற்றச்சாட்டு எதுவுமின்றி அவர் விடுதலையானார்.

அன்று அந்தத் திகதி பிழை என்று எனக்குத் தெரியும். நான் வாய் திறக்கவில்லை. பிள்ளைகள் சிறியவர்கள், நான் அரச ஊழியன், அந்தக் காவலரணைக் கடந்துதான் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போய்வர வேண்டும். அது நியாயம் என்று சொல்ல வரவில்லை. அந்தத் தாளை நூலால் கட்டி முடிச்சுப் போட்ட விரல்கள் என்னுடையவை என்பது இத்தனை ஆண்டுகளாக என்னை விட்டுப் போகவில்லை. இந்தக் கடிதத்தை எழுதுவதற்கும் அதுவே காரணம்.

எனவேதான் கேட்கிறேன்: 24 மணி நேரம் என்று சட்டத்தில் எழுதுபவர்கள், அந்த நேரத்தை எண்ணத் தொடங்குவது யார் என்பதை எங்கே எழுதியிருக்கிறார்கள்? கைது செய்த நேரத்தைச் சொல்பவரும் கைது செய்தவரே என்றால், அந்தக் கால எல்லை 24 மணி நேரமாக இருந்தாலென்ன, இரண்டு மணி நேரமாக இருந்தாலென்ன? இந்த வாசகம் புதியதும் அல்ல. போர்க்கால அவசரகால விதிகளிலும் படையினர் கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தது. அந்த ஏற்பாடு நடைமுறையில் இருந்த நாட்டில்தான் எங்கள் பிள்ளைகள் காணாமல் ஆக்கப்பட்டார்கள். யாழ்ப்பாணக் குடாநாடு படையினரின் கட்டுப்பாட்டுக்குள் வந்த 1996 ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 600 பேர் அவ்வாறு காணாமற் போனதாகச் சர்வதேச மன்னிப்புச் சபை மதிப்பிட்டது. நாவற்குழியில் அவ்வாண்டு கைதான இளைஞர்களின் பெற்றோர் சிலர், இருபது ஆண்டுகள் கடந்த பின்னரும் ஆட்கொணர்வு மனுவோடு யாழ்ப்பாணத்தில் நீதிமன்றப் படியேறினார்கள்.

கிருசாந்தி குமாரசாமியின் வழக்கை அறியாத தமிழர் இல்லை. 1996 செப்டெம்பர் 7 ஆம் திகதி பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்பிய அந்த மாணவியைச் செம்மணிச் சோதனைச் சாவடியில் படையினர் மறித்தார்கள். அவரைத் தேடிச் சென்ற தாயாரும் தம்பியும் அயலவர் ஒருவரும் அதே சாவடியில் கொல்லப்பட்டார்கள். பிள்ளை எங்கே என்று கேட்கப் போவதற்கு அந்தத் தாயாருக்கு வேறு இடம் இருக்கவில்லை என்பதையே நான் அடிக்கடி நினைப்பதுண்டு. பொலிஸ் நிலையம் ஒன்றில் பதிவாகாத கைதை விசாரிக்க வேண்டுமானால், கைது செய்தவரிடமே தனியாகச் சென்று கேட்க வேண்டியிருக்கிறது. அந்த வழக்கில் 1998 இல் தண்டனை பெற்ற படைவீரர் ஒருவர் மன்றில் சொன்னதாலேயே செம்மணியில் புதைகுழிகள் இருப்பதை உலகம் அறிந்தது. 1999 இல் 15 உடல்கள் தோண்டி எடுக்கப்பட்டன. 2025 இல் செம்மணி சிந்துபாத்தி மயானத்தில் நடந்த அகழ்வில் 200 க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. குழந்தைகளுடையவையும் பாடசாலைப் பை ஒன்றும் அவற்றில் இருந்தன. அவர்கள் யார், எப்போது பிடிக்கப்பட்டார்கள் என்பதற்கு எந்தத் தகவல் புத்தகத்திலும் ஒரு வரி கூட இருக்காது.

படையினர் அனைவரும் கொடியவர்கள் என்று நான் சொல்லவில்லை. பொலிஸார் அனைவரும் நல்லவர்கள் என்றும் சொல்லவில்லை; பொலிஸ் காவலில் நடந்த சித்திரவதைகளின் மருத்துவ அறிக்கைகளையும் நானே கோப்பில் கட்டியிருக்கிறேன். வேறுபாடு மனிதர்களில் இல்லை, நிறுவனத்தின் அமைப்பில் இருக்கிறது. பொலிஸ் நிலையம் ஊருக்குத் தெரிந்த இடம். அதற்கு ஒரு பொறுப்பதிகாரி, ஒரு தகவல் புத்தகம், ஒரு கூண்டு, அவற்றை அழைத்துப் பார்க்கும் அதிகாரம் கொண்ட நீதவான் ஒருவர் இருக்கிறார். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் பொலிஸாரை ஒவ்வொரு நாளும் நீதிமன்றத்தின் முன் கொண்டுவந்து நிறுத்துகிறது. தவறு செய்யும் பொலிஸ் உத்தியோகத்தரை அடுத்த வழக்குத் தவணையில் சட்டத்தரணி கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்கலாம். இராணுவ முகாமோ அப்படிப்பட்டதன்று. எங்கள் பகுதியில் முகாம்களாக இருந்தவை பெரும்பாலும் இடம்பெயர்ந்தவர்களின் வீடுகள்தான். படலையில் வீட்டுக்காரரின் பெயர் பொறித்த கல் அப்படியே இருக்க, உள்ளே யாரோ ஒருவருடைய மகன் சுவரைப் பார்த்தபடி நிறுத்தி வைக்கப்பட்டிருப்பான். அந்த வீடு தடுத்து வைக்கும் இடமென்று எந்த வர்த்தமானியிலும் அறிவிக்கப்பட்டிராது. சில மாதங்களில் அந்தப் படைப்பிரிவு வேறிடத்துக்கு மாறிவிடும். பின்னர் போய்க் கேட்டால், நாங்கள் போன மாதம்தான் வந்தோம், முன்னர் இருந்தவர்களைக் கேளுங்கள் என்ற பதிலே கிடைக்கும். இந்தப் பதிலை நான் மட்டும் குறைந்தது ஆறேழு தடவை என் காதால் கேட்டிருக்கிறேன்.

போர்வீரனின் பயிற்சி எதிரியை வெல்வதற்கானது; அதில் அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சந்தேக நபரின் உரிமையை அவனுக்கு வாசித்துக் காட்டுவதும், சாட்சியத்தைக் கெடாமல் பாதுகாப்பதும், கைதின் காரணத்தை அந்த நபருக்கு விளங்கும் மொழியில் சொல்வதும் வேறு தொழில். 1993 இல் மட்டக்களப்பில் நடந்த சுற்றிவளைப்பில் 150 தமிழ் ஆண்களோடு பிடிக்கப்பட்ட நல்லரத்தினம் சிங்கராசாவுக்குச் சிங்களம் தெரியாது. சிங்களத்தில் எழுதப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தில் அவருடைய பெருவிரல் அடையாளம் இருந்தது. அந்த ஒரு தாளைக் கொண்டு அவருக்கு 50 ஆண்டுகள் சிறை விதிக்கப்பட்டு, மேன்முறையீட்டில் 35 ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. அவருடைய உரிமைகள் மீறப்பட்டன என்று ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு 2004 இல் முடிவு செய்தும், 2006 இல் எங்கள் உயர் நீதிமன்றம் அவருடைய மனுவை நிராகரித்தது. சுற்றிவளைப்பில் தொடங்கும் ஒரு வழக்கின் அடி பிழைத்தால் உச்ச மன்றம் வரை போனாலும் நிமிர்த்த முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேட வேண்டியதில்லை.

இது தமிழரின் குறை மட்டுந்தான் என்று தெற்கில் எவரும் எண்ணினால் அவர்கள் தங்கள் வரலாற்றை மறந்துவிட்டார்கள் என்றே சொல்வேன். 1989 இலும் 1990 இலும் எம்பிலிப்பிட்டியப் பாடசாலை மாணவர்கள் கொண்டு செல்லப்பட்டது இராணுவ முகாமுக்குத்தான். அந்தப் பிள்ளைகளின் பெற்றோரும் முகாம் வாசலில் நின்றார்கள், பொலிஸ் நிலையத்தில் கேட்டார்கள், எங்கள் தாய்மார் கேட்ட அதே பதிலைச் சிங்களத்தில் கேட்டார்கள். ஏறத்தாழ பத்து ஆண்டுகளின் பின் சிலர் தண்டிக்கப்பட்டார்கள், பிள்ளைகள் திரும்பவில்லை. இன்று ஆட்சியிலுள்ள கூட்டணியின் பிரதான கட்சியான மக்கள் விடுதலை முன்னணியைத் தோற்றுவித்த ரோகண விஜேவீர 1989 நவம்பரில் படையினரால் பிடிக்கப்பட்டு, ஒரு நீதவானின் முன்னும் நிறுத்தப்படாமலே உயிரிழந்தார். அவருடைய அரசியலை நான் ஏற்பவன் அல்லன். ஆனால் அவரை நீதிமன்றத்துக்குக் கொண்டுவர வேண்டிய கடமை அரசுக்கு இருந்தது. அவரை ஆண்டுதோறும் நினைவுகூர்கின்ற ஒரு கட்சி, பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்று 2024 இல் மக்களிடம் வாக்குறுதி அளித்து வாக்குப் பெற்ற ஒரு கட்சி, படையினரின் கைது அதிகாரத்தை நிரந்தரச் சட்டமாக எழுதுமானால், அதை எந்த முகத்தோடு தன் உறுப்பினர்களுக்கு விளக்கும் என்று எனக்கு விளங்கவில்லை. 2013 இல் வெலிவேரியவில் குடிதண்ணீர் கேட்டு வீதிக்கு வந்த மக்கள் முன்னும், 2022 ஜூலையில் காலிமுகத்திடலில் அதிகாலையில் உறங்கிக்கொண்டிருந்த போராட்டக்காரர் முன்னும் படையினர் நின்ற விதத்தையும் அக்கட்சியினர் அருகிருந்து பார்த்தவர்களே.

மறுபக்கத்து வாதத்தையும் நான் ஒதுக்கவில்லை. 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் 250 க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். கொச்சிக்கடையிலும் மட்டக்களப்பிலும் இறந்தவர்களில் எங்களவர் எத்தனை பேர் என்பதை நாங்கள் அறிவோம். அப்படியொரு கொடுமை மீண்டும் நேராமல் காப்பது அரசின் கடமை, அதற்கு வலுவான சட்டம் வேண்டும் என்பதையும் ஏற்கிறேன். ஆனால் அன்று குறைவாக இருந்தது கைது அதிகாரமா? தாக்குதல் பற்றிய முன்னெச்சரிக்கை கிடைத்திருந்தும் நடவடிக்கை எடுக்கத் தவறினார்கள் என்றே உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்து, முன்னாள் ஜனாதிபதி உள்ளிட்டோர் நட்டஈடு செலுத்த வேண்டுமென்று உத்தரவிட்டது. கையில் இருந்த தகவலைப் பயன்படுத்தாத குறைக்கு, சந்தியில் நிற்கும் படைவீரனுக்குப் புதிய அதிகாரம் கொடுப்பது எப்படி மருந்தாகும்? படையினரின் கண் முன்னே ஒருவன் குண்டோடு வந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். கண் முன்னே குற்றம் செய்பவனைத் தடுத்துப் பிடித்து அந்த இடத்திலேயே பொலிஸாரிடம் கொடுப்பதற்குச் சாதாரண சட்டத்தில் எந்தப் பொதுமகனுக்கும் வழி இருக்கிறது. சந்தேகத்தின் பேரில் பிடித்து, முகாமுக்குக் கொண்டுபோய், விசாரித்துவிட்டுப் பிறகு ஒப்படைக்கும் அதிகாரம் அதிலிருந்து முற்றிலும் வேறானது. நான் எதிர்ப்பது இந்த இரண்டாவதையே.

பாதுகாப்பு ஏற்பாடுகளைச் சேர்த்தால் போதாதா என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். எங்களிடம் அவை முன்னரும் இல்லாமல் இல்லை. கைது செய்பவர் தன்னை அடையாளப்படுத்த வேண்டும், உறவினருக்குக் கைதுப் பற்றுச்சீட்டு வழங்க வேண்டும், மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு 48 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்று 2006 இல் ஜனாதிபதியே படைத் தளபதிகளுக்குப் பணிப்புரை விடுத்தார். ஆணைக்குழுவுக்கு அறிவிக்கும் கடமை 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் 28 ஆம் பிரிவிலும் இருக்கிறது. அறிவிக்காமல் விடுவது குற்றம் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. அந்தக் குற்றத்துக்காக ஒரு படை அதிகாரியேனும் நான் கடமையாற்றிய நீதிமன்றம் ஒன்றில் முன்னிலைப்படுத்தப்பட்டதை எனது சேவைக் காலம் முழுவதிலும் நான் காணவில்லை. 2006 க்குப் பின்னர் ஆட்களைக் கடத்திச் செல்லும் வெள்ளை வான் வந்துபோன எந்த வீட்டிலும் பற்றுச்சீட்டு ஒன்றைக் கண்டதாகவும் எனக்கு நினைவில்லை. வலுக்கட்டாயமாகக் காணாமல் ஆக்கப்படுதலைக் குற்றமாக்கிய 2018 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் நல்ல சட்டம். ஆனால் அது குற்றம் நடந்த பிறகு பேசும் சட்டம். கதவு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டே அதைத் திறந்து வைத்துவிட்டு, களவு போன பின் விசாரணைக் குழு அமைப்பதையே இந்த நாடு திரும்பத் திரும்பச் செய்திருக்கிறது.

நீதிமன்றம் இருக்கிறதே என்பதும் முழுமையான பதிலன்று. அரசியலமைப்பின் 13 ஆம் உறுப்புரை, சட்டம் வகுத்த நடைமுறையின்படியன்றி எவரையும் கைது செய்யக்கூடாது என்றும், கைதானவரை நீதிபதியின் முன் கொண்டுவர வேண்டும் என்றும் சொல்கிறது. தேசிய பாதுகாப்பின் பேரால் அந்த உரிமையைக் கட்டுப்படுத்த 15 ஆம் உறுப்புரை இடமளிக்கிறது. உரிமை மீறப்பட்டால் 126 ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். மகன் எங்கே இருக்கிறான் என்பதே தெரியாத ஒரு தாய், கொழும்புக்குப் பாதை மூடிய காலத்தில், யாரை எதிர்த்து, எந்தத் திகதியைக் குறிப்பிட்டு, யாருடைய பணத்தில் அந்த மனுவைத் தாக்கல் செய்வார்? ஆட்கொணர்வு மனுவின் கதையும் இதுதான். 2009 மே மாதத்தில் இராணுவத்திடம் சரணடைந்தவர்களின் உறவினர் 2013 இல் தொடுத்த வழக்கில், அவர்களை மன்றில் முன்னிலைப்படுத்துமாறு வவுனியா மேல் நீதிமன்றம் உத்தரவிட்டது 2022 டிசெம்பரில். ஆயிரம் பேரின் கண் முன்னே கையளிக்கப்பட்டவர்களுக்கே அவ்வளவு காலம் என்றால், இருட்டில் காவலரணில் இறக்கப்பட்ட ஒருவருக்கு எத்தனை காலம் வேண்டும்? காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு, கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி போராட்டப் பந்தலில் அமர்ந்த தாய்மாரில் பலர் பதில் கிடைக்காமலே கண்மூடிவிட்டார்கள்.

ஆகவே எனது கோரிக்கை குறுகியது. பயங்கரவாதத் தடைச் சட்டம் நீக்கப்பட வேண்டும். அதன் இடத்தில் எந்தப் பெயரில் எந்தச் சட்டம் வந்தாலும், ஆயுதப் படையினருக்குப் பொதுமகனைச் சந்தேகத்தின் பேரில் கைது செய்யவோ, தடுத்து வைக்கவோ, விசாரிக்கவோ அதிகாரமளிக்கும் பிரிவு அதில் இருக்கக்கூடாது. 24 மணி நேரத்தைப் பன்னிரண்டாகக் குறைப்பதும், மேலதிகாரியின் அனுமதி வேண்டும் என்று சேர்ப்பதும் எனக்குத் திருப்தி தராது. எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்கள் குழு நிலையில் இந்தப் பிரிவுக்குத் திருத்தம் கேட்டுப் பேரம் பேசுவதை விட, முற்றாக நீக்கும்படி கேட்டு வாக்கெடுப்புக்கு விட வேண்டும். யார் எப்படி வாக்களித்தார்கள் என்பதையாவது மக்கள் பெயர் பெயராக அறிந்துகொள்ளட்டும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. சட்டமூலம் ஒன்று வர்த்தமானியில் வந்து, பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் சேர்க்கப்பட்ட பின்னர், 121 ஆம் உறுப்புரையின் கீழ் அதனை எதிர்த்து எந்தப் பிரசையும் உயர் நீதிமன்றம் செல்லலாம். ஆனால் அதற்கு இருக்கும் அவகாசம் மிகச் சொற்பமானது. அந்தச் சில நாட்களுக்குள் ஊர்களில் இருப்பவர்கள் வாசகத்தைப் பார்த்து விளங்கிக்கொள்வது கடினம். கைது, தடுத்து வைத்தல் பற்றிய பிரிவுகளின் தமிழ் வாசகத்தைச் சுருக்காமல், சொல் மாற்றாமல், வெளிவந்த மறுநாளே தங்கள் முதற் பக்கத்தில் அச்சிட்டு உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தாயார் இப்போது இல்லை. அவருடைய மகன் இன்றும் எங்கள் ஊரில் இருக்கிறார், தங்கள் பத்திரிகையை வாசிப்பவர். இந்தக் கடிதத்தை அனுப்பும் முன் அவரிடம் வாசித்துக் காட்டினேன். பதினொரு நாட்கள் என்று எழுதிய இடத்தில் நிறுத்தி, பன்னிரண்டாவது நாள் காலையில்தான் பொலிஸாரிடம் கொடுத்தார்கள், அதைச் சரியாக எழுதுங்கள் என்றார். அவ்வாறே இங்கே பதிகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுதுவினைஞர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.